மின்கம்பி இல்லாத காணிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கனம் ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு வாடகையை விட்டுவிட்டு வன்னியிலோ மலையகத்திலோ ஒரு துண்டுக் காணியில் மின் இணைப்பே இல்லாமல் சீவிக்கலாம், இடைக்கிடை நாடு சுற்றிக் காட்டு வேலைகளும் பழகலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை முன்வைத்து இதை எழுதுகிறேன். ஆசையில் பிழை இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டதையும் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் புதினம். ஆனால் ஒரு சோலர் பனல், ஒரு பற்றரி, ஒரு கூடாரம் போதும் என்ற வரியை நம்பிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குக் காசோடு போகிறவர்கள் நட்டப்படுவார்கள்.

காசு முதலில் போகவேண்டியது தண்ணீருக்கு. அடுத்தது கழிவறைக்கு. பிறகு அடுப்பு, கூரை. மின்சாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆனாலும் எல்லோரும் முதலில் கேட்பது மின்சாரத்தைத்தான் என்பதால் அதையே முதலில் எழுதி முடித்துவிடுகிறேன்.

கணக்கை வாட் மணியில், அதாவது வாட்டை ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கித் தொடங்க வேண்டும். 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு மூன்று, இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 75. இரண்டு கைபேசிகளுக்கு 30. மடிக்கணினி நான்கு மணித்தியாலத்துக்கு 200. டீ.சீ. (நேரோட்ட) மோட்டர் மின்விசிறி 30 வாட்டில் எட்டு மணித்தியாலம் ஓட 240. மொத்தம் 545 வாட் மணி. பழைய வகைக் கூரை மின்விசிறி என்றால் அது ஒன்றே 75 வாட் இழுக்கும், இரவுக்கு 600 போய்விடும். விசிறியை மாற்றுவது இன்னொரு பனல் வாங்குவதை விட மலிவு. நம் நாட்டு வெயிலை நாளுக்கு நான்கு மணித்தியால முழு உச்சி வெயிலுக்குச் சமம் என்று எடுத்து, வயரிலும் பற்றரியிலும் பனலின் சூட்டிலும் வீணாகும் 30 சதவீதத்தைக் கழித்து, மிஞ்சும் 2.8 மணித்தியாலத்தால் 545ஐப் பிரித்தால் 195 வரும். ஆக, 200 வாட் பனல் போதும்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். வீட்டுக் கூரைகளில் மின்சாரம் விற்பதற்காகப் பூட்டும் 550 வாட் பெரிய பனல், வாட் ஒன்றுக்கு என்று பார்த்தால் மலிவுதான். அதை வாங்கி, பனலிலிருந்து பற்றரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர்களில் மலிவு வகையான பீ.டபிள்யூ.எம். ஒன்றின் வழியாக 12 வோல்ட் பற்றரிக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பனல் 42 வோல்ட் அளவில் 13 அம்பியர் தருவது. பீ.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் பனலின் வோல்டைப் பற்றரியின் வோல்டுக்கு இழுத்து வைத்துவிடும், அம்பியர் அதிகரிக்காது. 13 அம்பியரை 13 வோல்டால் பெருக்குங்கள், 170 வாட்தான். மீதி 380 வாட் கூரையிலேயே சூடாகப் போகிறது. அதுவும் கொன்ட்ரோலர் உயிரோடு இருந்தால். சுமை இல்லாத நேரத்தில் அந்தப் பனல் 50 வோல்ட் வரை ஏறும். சின்னக் கொன்ட்ரோலர்களில் பல அதைத் தாங்காது. 12 வோல்ட் பற்றரிக்கென்றே செய்த 100 வாட் பனல் இரண்டை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இணைத்து, 20 அம்பியர் கொன்ட்ரோலர் ஒன்றைப் போடுவதே இந்த அளவுக்குச் சரி.

பனலின் கூடுதல் வோல்டை அம்பியராக மாற்றித் தரும் கொன்ட்ரோலர் வகைக்கு எம்.பீ.பீ.ரி. என்று பெயர். பெட்டியில் அப்படி அச்சடித்திருப்பதை நம்பவேண்டாம். உண்மையானதற்குள் செம்புக்கம்பி சுற்றிய கனத்த சுருள் இருக்கும், முதுகில் அலுமினியச் செட்டை இருக்கும், கையில் எடுத்தால் பாரம் தெரியும். சந்தேகம் என்றால் வயரைக் கவ்வி டீ.சீ. அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றரை இரவல் வாங்கி, நல்ல வெயிலில், பற்றரி பாதி இறங்கியிருக்கும்போது, பனல் பக்க வயரையும் பற்றரிப் பக்க வயரையும் அளந்து பாருங்கள். பற்றரிப் பக்கம் அம்பியர் கூடுதலாக இருந்தால் அது எம்.பீ.பீ.ரி.தான். இரண்டும் சமம் என்றால் உங்களுக்கு விற்றது ஸ்ரிக்கர்.

பற்றரிக்குப் பஞ்சிகாவத்தைப் பக்கம் போய்ப் பழைய கார் பற்றரி வாங்குவது இன்னொரு வீண் செலவு. கார் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. ஸ்ராட் எடுக்கும் சில விநாடிகளுக்குப் பெரிய அம்பியர் கொடுக்கவென்று செய்தவை. நாளாந்தம் பாதிவரை இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும். ஈயப் பற்றரிதான் என்றால் ஆழமாக இறக்கத்தக்க வகையை வாங்கி, ஓய்வில் 12.2 வோல்டுக்குக் கீழே போக விடாதீர்கள். அது பாதிக் கொள்ளளவு. 100 அம்பியர் மணிப் பற்றரியில் இப்படி ஒரு நாளைக்குக் கிடைப்பது 600 வாட் மணிதான். அதே அளவு லிதியம் அயன் பொஸ்பேற் பற்றரியில் 1,000 வரை எடுக்கலாம், விலை கூட என்றாலும் பல மடங்கு காலம் உழைக்கும். லிதியம் என்றால் கொன்ட்ரோலரில் பற்றரி வகையை மாற்றி 14.4 வோல்டில் நிறுத்த மறக்கக்கூடாது. ஈயப் பற்றரிக்கான அமைப்பில் விட்டால் கொன்ட்ரோலர் இடைக்கிடை வோல்டை இன்னும் ஏற்றும், பற்றரியின் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும், இரவில் வெளிச்சம் இராது.

இணைக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். மாறிச் செய்தால் கொன்ட்ரோலர் எத்தனை வோல்ட் பற்றரி என்று தெரியாமல் பனலின் முழு வோல்டையும் வாங்கும். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஆளை அடிக்காது என்பது உண்மை, ஆனால் இரண்டு வயரும் முட்டினால் ஓலைக் கொட்டிலைக் கொளுத்தப் போதுமான அம்பியர் அதில் உண்டு. வீட்டு ஏ.சீ. பிரேக்கரை டீ.சீ.க்குப் போடாதீர்கள். நேரோட்டத்தில் எழும் தீப்பொறி தானாக அணையாது.

வயரில் மிச்சம் பிடிக்கவும் கூடாது. 100 வாட் பனல் ஒன்று 6 அம்பியர் தருகிறது, கொட்டிலுக்கு 10 மீற்றர் தூரம் என்று வைப்போம். வீட்டு விளக்கு வயரான 1.5 சதுர மில்லிமீற்றரில் போகவும் வரவுமாக 1.4 வோல்ட் தொலையும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் அரை வோல்ட்தான். பனல் ஏற்றுகிறது, பற்றரி நிறைவதில்லை என்ற முறைப்பாட்டுக்கு முதலில் பார்க்கவேண்டியது இந்த வயர். அடுத்தது தென்னோலை நிழல். பனலின் ஒரு மூலையில் ஒரு கீற்றின் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். சாய்வைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. சூரியன் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் கொழும்பின் உச்சிக்கு நேரே வந்து, இடையில் வடக்கே போகிறது. தெற்கே பார்த்து 10 பாகை சாய்த்தால் மழையில் தூசி கழுவுப்படும், அது போதும்.

சோற்றுக் குக்கர், கேத்தல், அயன் மூன்றையும் கொழும்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 500 வாட் குக்கர் 12 வோல்டில் 50 அம்பியர் அளவில் இழுக்கும். பற்றரி மின்சாரத்தை வீட்டு ஏ.சீ. மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரையும் முடிந்தால் தவிருங்கள். சும்மா ஓன் செய்து வைத்தாலே 10 வாட் குடிக்கும் இன்வேர்ட்டர் ஒரு நாளில் 240 வாட் மணியைத் தின்றுவிடும், மேலே போட்ட கணக்கில் அது பாதிக்குக் கிட்ட. மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் காரில் பாவிக்கும் 12 வோல்ட் சார்ஜர் இருக்கிறது.

இனித் தண்ணீர். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். தெறிப்பதும் ஊறுவதும் போக 80 சதவீதம் கைக்கு வரும். 20 சதுர மீற்றர் தகரக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை என்றால் 160 லீற்றர். வடக்கில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழையை நம்ப முடியாது. இரண்டு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 10 லீற்றர் என்றால் ஐந்து மாதத்துக்கு 1,500 லீற்றர். 2,000 லீற்றர் தாங்கி ஒன்று அதற்குக் காணும், 125 மில்லிமீற்றர் மழையில் அது நிரம்பும். கார்த்திகை மழை ஒன்றே அதற்கு மிஞ்சும். குளிப்பும் தோய்ப்பும் கிணற்றில்தான், இந்தக் கணக்கில் அவை இல்லை.

முதல் மழைநீரைத் தாங்கிக்குள் விடக்கூடாது. கூரையில் கிடக்கும் காக்கை எச்சமும் தூசும் அதில்தான் வரும். சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்று 20 லீற்றரை ஒதுக்க வேண்டும். 110 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. பைப் மீற்றருக்கு எட்டரை லீற்றர் பிடிக்கும். ஆகவே பீலியிலிருந்து தாங்கிக்குப் போகும் வழியில் ஒரு ரீ மூட்டுப் போட்டு, 2.4 மீற்றர் பைப்பை நிமிர்த்தி இறக்கினால் முதல் தண்ணீர் அதற்குள் நிரம்பும், பிறகு வருவது தாங்கிக்குத் திரும்பும். அடியில் திருகுமூடி. மூடியில் 3 மில்லிமீற்றர் துளை. மழை விட்டபின் அந்தத் துளையால் பைப் மெல்ல வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். எங்கே பிழை வரும் என்றால் இந்தத் துளையில்தான். இலைச் சேறு அடைத்தால் பைப் நிரம்பியபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தாங்கிக்குப் போகும். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல்தான் தெரியும். மூடியை ஒட்டிவிடாமல் திருகு வகையாக வைப்பது இதற்காகத்தான். தாங்கியின் வாயில் நுளம்பு வலை கட்டுகிறவர்கள் மேலதிக நீர் வழியும் பைப்பின் வாயை மறந்துவிடுகிறார்கள். நுளம்புக்கு அந்த வழி போதும்.

குடிக்கும் தண்ணீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் கிருமி சாகும். விறகு இல்லையென்றால், வாசனை சேர்க்காத 5 வீத குளோரின் ப்ளீச் லீற்றருக்கு இரண்டு துளி விட்டு அரை மணித்தியாலம் வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து ஆறு மணித்தியாலம் நல்ல வெயிலில் படுக்க வைக்கலாம், மூட்டம் என்றால் இரண்டு நாள். போத்தல் இரண்டு லீற்றருக்கு மேற்படக்கூடாது. கலங்கல் நீருக்கு வெயில் வேலை செய்யாது. இந்தப் பத்திரிகையின் தலைப்புச் செய்தியின் மேல் போத்தலை நிறுத்தி மேலிருந்து பார்த்தால் எழுத்து வாசிக்க வரவேண்டும், வராவிட்டால் முதலில் துணியில் வடிக்க வேண்டும். சிறுநீரக நோய் பரவியிருக்கும் வடமத்திய மாகாணப் பக்கம் காணி பார்க்கிறவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே கிணற்று நீரின் புளோரைட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றிப் புளோரைட் செறிவு கூடும். அங்கே குடிக்க மழைநீரே நல்லது. கிணற்று நீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுக் காணிக்கு முற்பணம் கொடுங்கள்.

கழிவறையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடியில் சுண்ணாம்புக் கல், குழியில் விட்டது வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வந்துவிடும். அங்கே குழி வெட்டுவதை விட உலர் கழிவறை நல்லது. சிறுநீரைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும், மணப்பதே இரண்டும் கலப்பதால்தான். ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை சாம்பலோ தும்புத்தூளோ போட வேண்டும். இரண்டு பெட்டி கட்டி, ஒன்று நிரம்பியதும் மூடி ஒரு வருடம் விட்டு, மற்றதைப் பாவிக்கலாம். ஒரு வருடம் முடிய முன்பே எடுத்துத் தோட்டத்துக்குப் போடுகிறவர்கள் புழு முட்டையைத்தான் போடுகிறார்கள்.

அடுப்புக்கு 12.5 கிலோ காஸ் சிலிண்டரை மோட்டார் சைக்கிளில் கட்டி இழுப்பதை விட, இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பு நல்லது. சுற்றி மண் பூசிவிட்டால் சூடு பக்கத்தால் போகாது. பன்னாடையில் பற்ற வைத்து, பாளை, சிரட்டை, பிறகு பிளந்த கிளிசிரிடியா விறகு. எரியும்போது விறகின் மறுமுனையில் நுரை தள்ளினால் அது இன்னும் ஈரம்.

இதையெல்லாம் காணி வாங்க முன்பே பழகலாம். கட்டுரையாளர் சொன்ன ஊர் சுற்றுதலுக்கு உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது, படம் எடுப்பதில் அல்ல. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், அப்போது வடக்கும் கிழக்கும் காய்ந்து கிடக்கும். மார்கழி, தையில் மற்றப் பக்கமான தெற்குக்கும் மேற்குக்கும் போகலாம். கோட்டையிலிருந்து பதுளைக்கு மூன்றாம் வகுப்பு ரயில், யாழ்ப்பாணத்துக்கு 87ஆம் இலக்க பஸ், இரண்டிலும் பயணச் செலவு பெரிதாக வராது. வடக்கில் மாரிக்கு முன் கூரை வேயும் வீடுகளைத் தேடிப் போனால் கிடுகு பின்னவும் வேயவும் பழகலாம். தென்னோலையை நடு மட்டை வழியே பிளந்து, நீரில் ஊறப்போட்டுப் பின்ன வேண்டும். காய்ந்த ஓலையைப் பின்னினால் மடிப்பில் முறியும். கூரையின் கீழ் ஓரத்திலிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். சாய்வு 45 பாகையாவது வேண்டும். படுத்த கூரையில் நீர் வடியாமல் நின்று ஒரே மாரியில் உக்கும். பனையோலை இதைவிட நீண்டகாலம் நிற்கும். ஒரு விடயம்: பழகப் போகிறோம் என்று இலவசமாக வேலை செய்து, அந்த ஊர்க் கூலிக்காரர் ஒருவரின் நாட்கூலியைப் பறிக்காதீர்கள். அவரோடு சேர்ந்து கையாளாக நின்றால் அவரிடமே தொழிலையும் படிக்கலாம். இரவு தங்குவதானால் கிராம சேவையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எல்லோருக்கும் நிம்மதி.

நடந்து பழக நல்ல இடம் பெக்கோ பாதை என்ற மலையக நடைபாதை. கண்டி ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடியும், 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். தேயிலைத் தோட்டங்களூடாகப் போவதால் வழி கேட்கத் தமிழ் போதும். கைபேசி வரைபடத்தோடு நில்லாமல் நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் 1:50,000 வரைபடத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். பையோடு சமதரையில் மணிக்கு 3 கிலோமீற்றர் என்றும், ஏற்றம் 600 மீற்றருக்கு மேலதிகமாக ஒரு மணித்தியாலம் என்றும் கணக்கிட்டு, பின்னேர மழைக்கு முன் தங்குமிடம் சேரப் பாருங்கள்.

கூடாரத்துக்குச் செலவழிப்பதை விட ஒரு நல்ல தறப்பாளும் கயிறும் போதும். நம் சனத்துக்குத் தறப்பாள் கட்டச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அந்தப் பாடத்தை யுத்தம் படிப்பித்துவிட்டது. இருந்தாலும் ஒன்று: மழைநீர் கயிற்றின் வழியே உள்ளே ஒழுகி வரும். தறப்பாளின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே கயிற்றில் ஒரு துணிக்கீற்றை முடிந்து தொங்கவிட்டால் நீர் அதனால் இறங்கிவிடும். தென்னைக்குக் கீழே கட்டாதீர்கள். யானை நடமாடும் இடத்தில் குளக்கரையில் இரவு தங்காதீர்கள், உப்பும் நெல்லும் வாழைப்பழமும் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். இவற்றுக்காக யானை சுவரையே உடைக்கும். வன இலாகாவின் காட்டிலும் வனசீவராசிகள் பூங்காவிலும் அனுமதியில்லாமல் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம்.

தரையில் படுக்கிறவர்களைக் கட்டுவிரியன் இரவில், தூக்கத்தில்தான் கடிக்கிறது. கடித்த இடம் வீங்காமலும் நோகாமலும் இருக்கலாம், விடியப் பார்த்தால் இமை தூக்க முடியாமல் இருக்கும். நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாய்க்குக் கீழே செருகிப் படுப்பது இதற்கும் காப்பு. கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்து 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்சிலோ முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுப் பயணத்தைத் தொடங்குவது புத்தி.

மலையகச் சரிவில் கொட்டில் போடுகிறவர்கள் மண்சரிவை முன்கூட்டி அறிய, வாய் முதல் அடிவரை ஒரே அகலமான பேணி ஒன்றை வெளியில் திறந்த இடத்தில் வைத்து, அடிமட்டத்தால் மழையை அளக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரு மணித்தியாலத்திலேயே 75 என்றாலோ வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டால் பேணியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மலிவுக் காணி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அரச அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாதது. உறுதிக் காணி என்றாலும் காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும். முதல் வருடம் குத்தகைக்கு எடுத்து ஒரு கோடையும் ஒரு மாரியும் இருந்து பார்ப்பதே என் அபிப்பிராயம்.

விலைகளை நான் எழுதவில்லை, டொலரோடு சேர்ந்து கிழமைக்குக் கிழமை மாறுகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த முறை இப்படியான ஒருவரைப் பற்றிக் கட்டுரை போடும்போது, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், நாளுக்கு எத்தனை வாட் மணி, ஆளுக்கு எத்தனை லீற்றர், கழிவறை என்ன வகை என்ற மூன்றையும் கேட்டு எழுதும்படி செய்தியாளரிடம் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06